விருந்தாளிகளுக்கான குதிமேடை

மேயர் டொகாஷி என் விடுதிக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று தரம் குனிவார். முதல் குனிவு எனக்கு. அடுத்தது கூடத்தில் விருந்தாளி யாராவது இருந்தால் அவருக்கு. மூன்றாவது யாருக்கு என்று அவருக்கே தெரியாது, பழக்கதோஷம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வந்துகொண்டே இருந்தார், கையில் பட்டுத்துணியில் முடிந்த ஏதாவது ஒரு பெட்டியோடு.

எங்கள் யுகிஹாராவுக்கு உலகக் குளிர்கால விளையாட்டு விழாவைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்திருந்தது. விழா எந்த ஊருக்கு என்று ஓட்டுப் போடுகிறவர்கள் எங்கெங்கோ தேசங்களில் இருக்கும் விளையாட்டுச் சங்கப் பெரிய மனிதர்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஊரைப் பார்வையிட வந்தார்கள். நல்ல விடுதி என்னுடையது ஒன்றுதான் என்பதால் எல்லோரும் என் தலையில்தான் விடிந்தார்கள்.

பார்வையிட்ட அழகைச் சொல்கிறேன். முதலில் வந்தவர் பனியைக் கண்டதும் "குளிருதே" என்றார். அதன்பிறகு ஊருக்குத் திரும்பும்வரை வெந்நீர்க் குளத்தைவிட்டு வெளியே வரவில்லை. அடுத்தவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாளுக்குக் கிமோனோ தைக்கக் கியோட்டோவிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். மூன்றாமவர் கிளம்பியபோது அறையிலிருந்த இரும்புத் தேநீர்க் கெண்டியும் கூடவே கிளம்பிவிட்டது. நான் மேயரிடம் முறையிட்டேன்.

"பிடிச்சுப்போய்த்தானே எடுத்துட்டுப் போயிருக்காரு! நல்ல சகுனம்மா இது" என்றார், முகமெல்லாம் மலர்ந்து.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நண்டும் மாட்டிறைச்சியும் நகராட்சிப் பணத்தில் மேசைக்கு வந்தன. கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட கவுன்சிலர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் கழுத்துப் பட்டனே போட முடியாமல் போனது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். விடுதி நடத்துகிறவள், பெரிய மனிதர்களின் சின்னப் புத்தியைப் பார்த்துப் பழகியவள். ஆனால் ஊர்ப் பிள்ளைகளின் குதிமேடையில் கை வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரத்தில் கட்டிய மேடை அது. பிள்ளைகள் படியேறி உச்சிக்குப் போய், பனித்தடத்தில் சறுக்கி வந்து, விளிம்பிலிருந்து காற்றில் பாய்ந்து கீழே சரிவில் இறங்குவார்கள். பலகைகள் உளுத்துப்போனதால் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். பழுது பார்க்க ஒதுக்கிய பணத்தை விருந்தோம்பல் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். விளையாட்டு விழாவுக்காகப் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்திய ஊர் எங்கள் ஊர். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

என் மகள் சிஹோவுக்குப் பன்னிரண்டு வயது. குதிப்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். மேடை மூடிய பிறகு எங்கள் விறகுக் கொட்டகைக் கூரையில் பனியை அழுத்தி, அதிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரமும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போய், கயிறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். "இன்னும் அவிழ்க்கலம்மா" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள், அழமாட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இந்த நிலையில்தான் நார்வேயிலிருந்து ரான்ஹில்ட் என்ற அம்மையார் வந்தார். அறுபது வயதிருக்கும். குதிப்போட்டிகளில் நடுவராக இருந்தவராம். தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நண்டை ஒதுக்கிவிட்டுச் சோறும் ஊறுகாயும் கேட்டுச் சாப்பிட்டார். கவுன்சிலர்கள் நண்டையே பார்த்துக்கொண்டு தாங்களும் ஊறுகாயைக் கடித்தார்கள். அந்தக் காட்சிக்காகவே அந்த அம்மையாரை எனக்குப் பிடித்துப்போனது.

மேயர் அரக்குப் பூச்சுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அம்மையார் வேண்டாம் என்றார். மேயருக்குப் பரம சந்தோஷம். எங்களில் பரிசை முதல் தடவையே வாங்குகிறவர் வளர்ப்பு சரியில்லாதவர். இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை, சங்கடப்பட்டபடி வாங்க வேண்டும். இரண்டாம் தடவையும் அவர் மறுத்தார். "எவ்வளவு பண்பு பாருங்க!" என்று மேயர் உருகினார். மூன்றாம் தடவையும் மறுத்தார். மேயரின் முகம் தொங்கியது.

"பெட்டி சின்னதாப் போச்சு" என்றார் என்னிடம். மறுநாள் முத்துமாலை வந்தது. அதையும் மறுத்தபோது, பழைய ஓவியர் ஒருவர் தங்கத்தகட்டில் வரைந்த மடிப்புத் தட்டியை இரண்டு பேர் சுமந்துகொண்டு வந்தார்கள். அது ஒரு வீட்டு விலை.

"மேயரய்யா, அந்தம்மாவுக்கு நிஜமாவே வேண்டாம். விட்டுடுங்க" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதும்மா. நிஜமாவே வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா?"

பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நெசு வாத்தியார்தான் மொழிபெயர்ப்பாளர். யார் மனமும் நோகக்கூடாது என்று பாதியை விழுங்கிவிட்டு மீதியை மொழிபெயர்க்கிறவர். மேயர் அவரிடம், "பின்ன என்னதான் வேணுமாம்? எதுவானாலும் சொல்லட்டும்னு கேளுங்க" என்றார். அம்மையார் யோசிக்கக்கூட இல்லை. வாத்தியார் சொன்னார்:

"இந்த ஊர்ப் பிள்ளைங்க குதிக்கறதப் பாக்கணுமாம்."

தங்கத்தட்டியைச் சுமந்து வந்த இருவரும் அதைக் கீழே வைத்துவிட்டு மேயரைப் பார்த்தார்கள். மேயர் சுவரைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர் என் சமையலறைக்கே வந்துவிட்டார். என் கணவர் மீன் அரிந்துகொண்டிருந்தார். அவர் எதற்கும் வாய் திறக்காதவர், அதனால் இரண்டு பேர் வாயும் எனக்கே.

"ஒரே ஒரு உதவிம்மா. நாளைக்குக் காலைல நம்ம சிஹோ ஒரு தரம் குதிச்சாப் போதும்."

"எங்க குதிக்கிறது, உங்க தலைலயா? மேடைதான் உளுத்துக் கிடக்கே."

"பனியைப் போட்டு மெத்துன்னு ஆக்கிடறோம். பக்கத்துல எல்லாம் சிவப்பு வெள்ளைத் திரை கட்டிடறோம். வெளியில ஒண்ணுமே தெரியாது."

"தெரியுமான்னா கேட்டேன்? தாங்குமான்னு கேக்கறேன். முடியாது."

"உங்க அடக்கம் ஊரறிஞ்சது. பொண்ணு நல்லாக் குதிக்க மாட்டாளோன்னுதானே தயங்கறீங்க? பிரமாதமாக் குதிப்பா."

"அடக்கமும் இல்ல, தயக்கமும் இல்ல. அவள நான் அனுப்ப மாட்டேன்."

அவர் சமையலறைத் தரையிலேயே மண்டியிட்டு நெற்றி தொடக் குனிந்தார். நகராட்சித் தலைவர் என் மீன் செதில்களின் நடுவே கிடந்தார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"எழுந்திருங்க. முடியாதுன்னா முடியாதுதான்" என்றேன்.

அவர் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இத்தன தரம் மறுத்தீங்களே, அதுதான் பெரிய மனுஷித்தனம். ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கரண்டியோடு நின்றேன். போகிற மனிதர் முதுகில் அதை வீசியிருக்க வேண்டும்.

சிஹோ கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவைம்மா."

"பலகை ஒடிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"கொட்டகைக் கூரை மட்டும் ஒடியாதா?"

"அது உங்கப்பா போட்ட கூரை. இது நகராட்சி போட்ட மேடை. பேசாமப் படு."

காலையில் ஊரே பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சிஹோவின் படுக்கை மடித்து வைத்திருந்தது. சறுக்குப் பலகைகள் மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருந்தது. கட்டியிருந்த கிமோனோவோடு பனிச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மேடை கல்யாண வீடு மாதிரி நின்றது. அடியிலிருந்து உச்சிவரை சிவப்பு வெள்ளைத் திரை. கீழே பெரிய பானையில் பன்றிக்கறிச் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கவுன்சிலர்கள் முன்வரிசையில், நடுவில் ரான்ஹில்ட் அம்மையார். ஒலிபெருக்கியில் மேயர் என் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். உச்சியில், சறுக்கக் கிளம்புமுன் உட்காரும் கட்டையின் மேல், தலைக்கவசத்தோடு ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது.

பக்கத்துப் படியில் ஏறினேன். ஒவ்வொரு படியும் முனகியது. பாதிவழியில் தடுப்பைத் தாண்டி, சறுக்குகிற தடத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கீழே மெத்தென்று பனி, அதற்குக் கீழே பலகை புட்டு மாதிரி அமுங்கியது.

"அம்மா, எழுந்திரும்மா! எல்லாரும் பாக்கறாங்க!" என்று மேலிருந்து சிஹோ கத்தினாள்.

"பாக்கட்டும்."

"என் மானமே போகுது!"

"மானம் போனாத் திரும்ப வாங்கிக்கலாம். முதுகெலும்பு போனா வாங்க முடியாது. இறங்கி வா."

ஒலிபெருக்கி கரகரத்தது. "அன்பர்களே, சிறு தாமதம். விடுதிக்காரம்மா தடத்தைச் சோதிச்சுக்கிட்டு இருக்காங்க." கூட்டம் கைதட்டியது. கைதட்டச் சொன்னால் எதற்கும் தட்டுகிற கூட்டம்.

ரான்ஹில்ட் அம்மையார் வாத்தியாரிடம் ஏதோ கேட்டார். வாத்தியார் வானத்தைக் காட்டிக் காற்று அது இது என்று சமாளித்தார். அம்மையார் நம்பவில்லை. எழுந்து விறுவிறுவென்று படியேறினார். என் பக்கத்தில் வந்து, திரையைப் பிடித்து ஒரே இழுப்பு. கறுத்து, நார்நாராகப் பிரிந்த மரம் ஊருக்கே தெரிந்தது. அவர் இன்னொரு அடி எடுத்து வைத்தார். படி படாரென்று உடைந்து, முழங்கால்வரை கால் உள்ளே போய்விட்டது.

அப்போது பார்க்க வேண்டுமே. கவுன்சிலர்கள் பாய்ந்தார்கள். சூப்புப் பானை கவிழ்ந்தது. "விருந்தாளி! விருந்தாளி!" என்று மேயர் ஒலிபெருக்கியிலேயே அலறினார். என் பிள்ளை உச்சியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு விரல்கூட அசையாத கூட்டம் அது.

நானும், இறங்கி வந்த சிஹோவும்தான் அவரைத் தூக்கிவிட்டோம். காலுறை கிழிந்து ரத்தம் கசிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. சிஹோவின் தலைக்கவசத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கீழே இருந்தவர்களைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னார். மேயர் பதற்றத்தோடு வாத்தியாரைப் பார்க்க, அவர் ஏதோ சொல்ல, மேயர் நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டார்.

"என்ன கேட்டாங்க அந்தம்மா?" என்று பிறகு வாத்தியாரைப் பிடித்தேன்.

"இதுல குழந்தைய ஏத்தினவன் எவன்னு கேட்டாங்க."

"நீங்க மேயர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மன்னிச்சுட்டாங்கன்னு சொன்னேன்."

அம்மையார் எதையும் வாங்காமல் ஊருக்குப் போனார். அவர் ரயிலேறிய அன்றே அவசரக் கூட்டம் போட்டார்கள். விருந்தாளியின் கால் உள்ளே போன மேடை. அடுத்த விருந்தாளிகள் வசந்தத்துக்கு முன்பே வருகிறார்கள். அதுவரை கிடைக்கவே கிடைக்காத பணம் அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. பெரிய ஊரிலிருந்து ஆட்கள் வந்து, பழையதைப் பிரித்து, இரும்பில் புது மேடை எழுப்பினார்கள். உச்சியில் கண்ணாடி அறை, அதில் மெத்தை நாற்காலிகள், கால் சூடாக்கத் தரைக்கடியில் கம்பி. எனக்கு ஆத்திரமாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யார் காலுக்காகக் கட்டினால் என்ன, குதிக்கப் போகிறவை பிள்ளைகளின் கால்கள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சிஹோ பலகைகளுக்கு மெழுகு தேய்த்து எடுத்துக்கொண்டாள். நானும் போனேன். கயிறு இருந்த இடத்தில் இரும்புக் கதவும் சங்கிலியும் பூட்டும். நகராட்சி வரவேற்புப் பிரிவு உபுகாட்டா சாவியோடு நின்றிருந்தார்.

"திறங்க" என்றேன்.

"திறக்க முடியாதும்மா. இது விருந்தோம்பல் கணக்குல கட்டினது. விருந்தாளிங்க வர்றப்போ மட்டும்தான்."

"பிள்ளைங்க குதிக்கத்தானே குதிமேடை?"

"குதிக்கலாமே. விருந்தாளிங்க வந்தா, அவங்க பாக்கறதுக்காகக் குதிக்கலாம். சும்மா குதிக்கறதுக்கு இல்ல." அவர் குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொன்னார்: "பொதுப் பணம் பாருங்க. அதை வேற காரியத்துக்குப் பயன்படுத்தினா முறைகேடாயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இரண்டையும் அந்த மனிதர் முன்னால் காட்ட மனமில்லை. என்ன சொல்லி மகளைத் திரும்ப அழைத்துப் போவது என்று யோசித்தபடி திரும்பினேன். சிஹோ பக்கத்தில் இல்லை. சறுக்குப் பலகைகள் இரண்டும் கதவுக்கு அந்தப் பக்கம் பனியில் போய் விழுந்தன. கதவின் மேல் அவள் ஒரு காலைப் போட்டிருந்தாள்.

"ஏய்! இறங்கு! அம்மா, இறங்கச் சொல்லுங்க!"

நான் சங்கிலியின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பூட்டை மறைத்து நின்றேன். பெரிய சாவிக்கொத்தோடு அவர் என்னைச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தவித்தார். ஒரு பெண்பிள்ளையைத் தொட்டு நகர்த்துகிற துணிச்சல் அந்த நகராட்சியில் யாருக்கும் இல்லை. எனக்குப் பின்னால் இரும்புப் படிகளில் காலடிச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒரு படிகூட முனகவில்லை.

தடத்தில் பலகைகள் சீறும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். விளிம்பைத் தாண்டி, உடம்பை முன்னால் சாய்த்து, என் மகள் காற்றில் கிடந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அவள் சரிவில் இறங்கி நின்று, பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி படியேறத் தொடங்கினாள்.

"போலீஸைக் கூப்பிடுவேம்மா!" என்றார் உபுகாட்டா.

"கூப்பிடுங்க" என்றேன். "மேயரையும் கூப்பிடுங்க. எல்லாரும் வந்து பாக்கட்டும்."