ரெண்டாவது கோழி

துடுப்பால அடிச்சா எந்த எலும்பு முதல்ல போகும்னு உங்களுக்குத் தெரியுமா? ஃபலேசிக்குத் தெரியும். தலையக் காப்பாத்த வலது கையத் தூக்கினா. முழங்கைக்குக் கீழ, காஞ்ச சோளத்தட்டை மாதிரி படக்குன்னுச்சு.

"யார்கூடப் படுத்த, சொல்லு." புருஷன் வைசன் மறுபடி ஓங்கினான். பாயில ரத்தம். மாசா மாசம் வர்றது இல்ல, அவன் தொட்டாலே வர்றது.

"ஏரிய விட்டா நான் எங்க போனேன்? உன் வலைய அலசத்தானே இடுப்பளவு தண்ணியில நிக்கிறேன்."

"மாத்திரைக்காரிக்கு வாயப் பாரு." மாமியா நாபிரி சோளம் உதுத்துக்கிட்டே சொன்னா.

போன வருஷம், அப்புறம் தங்காமப் போன வயித்துப் பிள்ளையோட போனப்பதான் ஃபலேசிக்கு எச்.ஐ.வி.ன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வைசனையும் கூப்பிட்டாங்க. அவன் சோதிக்க மாட்டேன்னுட்டான். அன்னையிலிருந்து அவளுக்குத் தட்டு தனி, பேரும் தனி.

வைசன் அவளோட எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவ அடுப்புல போட்டான். முடியப் பிடிச்சு வாசலுக்கு இழுத்தான். அங்க நர்ஸ் டோரிகா நின்னுக்கிட்டிருந்தா, கையில உசரம் அளக்குற கம்பு. ஏரித் தண்ணியில நின்னா தோல் வழியா உடம்புல ஏறுற புழுவுக்கு, மலாவி ஏரிக்கரை பூரா மாத்திரை குடுக்குற நாளு அது. ஆளு உசரத்துக்கு இத்தனை மாத்திரைன்னு கம்புல கோடு இருக்கும்.

"இவளுக்கு அளக்க வேண்டாம்," நாபிரி சொன்னா. "இவ ரத்தம் புழு இல்ல, நடத்தை. என் மகன் பன்னெண்டு வயசுல செவப்பா ஒண்ணுக்குப் போனான். ஆம்பளையாயிட்டான்னு கோழி அடிச்சு ஊரையே கூப்பிட்டேன். அது வேற, இது வேற."

"அதே ஏரி, அதே புழு," டோரிகா சொன்னா. "அவனுக்கு மூத்திரப் பையில புண்ணு, இவளுக்குக் கர்ப்பப்பை வாயில. அந்தப் புண்ணு வழியாத்தான் எச்.ஐ.வி. சுலபமா நுழையும். யார் குடுத்ததுன்னு மகனைச் சோதிச்சுட்டுச் சொல்லுங்க."

வைசன் கம்பப் பிடுங்கி முழங்கால்ல வச்சு ஒடிச்சான்.

டோரிகா ஒடிஞ்ச துண்டையே வச்சு ஃபலேசி கையக் கட்டினா. கண்ணாலயே உசரம் பாத்து நாலு மாத்திரை எண்ணிக் குடுத்தா. "வெறும் வயித்துல போட்டா கொடலப் புரட்டும். நல்லா சாப்பிட்டுட்டுப் போடு. காலையில ஆஸ்பத்திரிப் படகு அனுப்புறேன். கையும் பாக்கணும், எரிஞ்ச மாத்திரைக்குப் பதில் வேறயும் வாங்கணும்."

"இந்த வீட்டுல இவளுக்கு ஒரு வாய் களி கிடையாது," நாபிரி சொன்னா.

மறுநாள் காலையில நாபிரி சோளக்காட்டுக்கும் வைசன் ஏரிக்கும் போனதும் ஃபலேசி, மாமியாரோட செவப்புக் கோழியக் கால்ல அமுக்கி, இடது கையால அறுத்தா. சமைச்சா. தெருவக் கூப்பிட்டா. எதுக்குன்னு கேட்டவங்ககிட்ட, "செவப்பாப் போச்சு, அதுக்கு"ன்னா. வயிறு நிறையத் தின்னு நாலு மாத்திரையும் முழுங்கினா. படகு வந்துச்சு, ஏறிப் போயிட்டா. மிச்சக் கறிய வைசன் வந்து தின்னான்.