அடி சரியில்ல

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள் மாமனார். கையடக்கப் பிளேயரைச் செருகிப் பாட்டுக் கேட்பதற்காக மருமகள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஸ்பீக்கர் பெட்டியை ஒரு பாட்டு ஓடும்வரை பார்த்தார். விரலால் லேசாகத் தள்ளினார். "அடி சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பட்டறை அவருடையது. அவர் தலையாட்டாவிட்டால், வெளியே யாரோ செய்த மட்டமான பெட்டியை வாங்கி, பட்டறையின் பெயரை ஒட்டி விற்பார்கள். அதற்கு அவள் விடுவதாக இல்லை.

"அடின்னா பேஸ்தான், பாட்டுல வர்ற கனத்த சத்தம்," என்றான் கணவன். "அப்பா அப்படித்தான் சொல்லுவாரு."

உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் அடியை வரவழைப்பது லேசுப்பட்ட காரியமா? ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற அளவுக்குப் பின்னாலும் காற்றைத் தள்ளுகிறது. வீணாகப் போன அந்தக் காற்றை அவள் பிடித்தாள். பெட்டிக்குள் நீளக் குழாயை மடக்கி வைத்து, அது வழியாகக் கனத்த ஒலியாக வெளியே வரச் செய்தாள். பலகைகள் அதிர்ந்தன, குறுக்குக்கட்டை கொடுத்தாள். பிளேயர் உட்காரும் குழி கிர்ரென்றது. உள்ளே கம்பளித் துணி ஒட்டி இறுக்கினாள். வீட்டுச் சாப்பாட்டு மேசை விரிப்பின்மேல் பெட்டி பாடிக்கொண்டே இருந்ததால், கணவன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை, மாமனாரின் வழவழப்பான மேசையில் பெட்டி ஏறியது. அடி என்றால் அப்படி ஒரு அடி. அவளுக்கே நெஞ்சு குளிர்ந்தது. பெட்டிக்கும் குஷி போலும், ஒவ்வோர் அடிக்கும் நூலளவு நகர்ந்து, மேசை ஓரம்வரை போய், குதித்தது. மாமனார் பாய்ந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"அன்னைக்கே சொன்னேனே, அடி சரியில்லன்னு." பெட்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். வழுக்குகிற நான்கு பிளாஸ்டிக் கால்கள்.

கணவன் கூரையை ஆராய ஆரம்பித்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ பாட்டோட அடி, மாமா?"

"அது அன்னைக்கே நல்லாத்தானே இருந்துச்சு."

"கீழே நாலு ரப்பர் ஒட்டிட்டா சரியாயிடும் மாமா. அப்புறம்..." மேலே கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பெட்டி இன்னும் அவர் நெஞ்சில் பாடிக்கொண்டிருந்தது. சட்டைப் பித்தான் துடித்தது.

"இறக்கி வைங்கப்பா, கை வலிக்கும்," என்றான் மகன்.

"சும்மா இருடா, பாட்டு முடியட்டும்." மருமகளைப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டு, எவனோ செஞ்ச பெட்டியில நம்ம பேர ஒட்டலாம்னு இருந்தேனே. என்னைச் சொல்லணும்."