எலுமிச்சைக்கு ரெண்டு குடம்

விஜிலாவின் புருஷன் ரோச், கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். கப்பலேறும் முன் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனான்: எலுமிச்சைக்குக் காலை ரெண்டு குடம், மாலை ரெண்டு குடம். அது சித்திரை மாதம். தூத்துக்குடி வெயில் மண்டையைப் பிளந்தது; அந்தக் கணக்கு அப்போது சரிதான். போர் தண்ணீர் கரிக்கும் என்பதால், வாசல் குழாயில் நல்லதண்ணீர் பிடித்துப் பின்வாசல்வரை சுமந்தாள் விஜிலா.

பாவி மனுஷன் ஐப்பசிக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. அவனோ வளைகுடாப் பக்கம் எஞ்சின் அறையில் வெந்துகொண்டு கிடந்தான். மழை என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை; ஊரிலும் அதே சூடு என்று நினைப்பு. தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்து, தண்ணீர் ஊற்றினாயா, மரத்தைக் காட்டு என்பான். இலை மஞ்சளித்ததைக் காட்டினாள். தண்ணீர் போதவில்லை, இன்னொரு குடம் சேர் என்றான். அவளும் ஒரு கையில் குடையும் இடுப்பில் குடமுமாக மழைக்குள் நின்று ஊற்றினாள். பக்கத்து வீட்டு பிலோமினா மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விஜிலாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. மத்தியானம் போய் வேரடி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். குழகுழவென்று சேறாகி நாற்றமடித்தது. பாத்திக் கரையை வெட்டித் தேங்கிய நீரை வடித்துவிட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். இனி மண் காய்ந்தால்தான் தண்ணீர் என்று முடிவு செய்தாள். தினமும் விரலை விட்டுப் பார்த்தாள்; காயவே இல்லை. ரோச் கேட்டபோதெல்லாம் ஊற்றியாச்சு என்றாள். அந்தப் பொய்யைச் சொல்வதுகூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

ஒரு மாதத்தில் மரம் துளிர்விட்டுப் பூவும் வைத்தது. வீடியோவில் அதைப் பார்த்த ரோச்சுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டு, எல்லாம் தான் போட்டுக்கொடுத்த கணக்கு என்று பீற்றிக்கொண்டான். விஜிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு மாசமா ஒரு சொட்டு ஊத்தல. நீங்க சொன்னபடி ஊத்துனதுலதான் அது சாகப் பாத்துச்சு."

ரோச் பக்கத்தில் நின்றவனை அனுப்பிவிட்டான். பிறகு குரல் இறங்கி, "அப்ப நான் தெனமும் என்னத்தளா கேக்க?" என்றான்.

"என்னையக் கேளுங்க. ஏழு மாசமா மரத்தத்தான் கேக்கீங்க."

ரோச் ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"நீ எப்படிளா இருக்க?"

"அசதியா இருக்கு" என்றாள் விஜிலா. அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.