நாலாவது கொட்டு

அடி வாங்கப் போகிறவன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்று பஞ்சர் எங்கோ படித்திருந்தார். அதனால் அன்று மதியம் அரை வயிற்றோடு எழுந்துகொண்டார். முன்பல் செட்டைக் கழற்றிக் கழுவிக் கைக்குட்டையில் சுற்றினார். கடைச் சாவி கிடந்த சட்டைப் பைக்குள் அதையும் போட்டுப் பொத்தானை மாட்டினார். மூக்குக் கண்ணாடியை மனைவியிடம் நீட்டினார். அந்தம்மாள் அதை வாங்கிக்கொண்டு, சோப்பு வாங்கப் போகிறவரிடம் சொல்வதுபோல, "சரி, வாங்கிட்டு சீக்கிரம் வாங்க" என்றார்.

முப்பது வருடம் லாரி டயர் கழற்றியதில் சொந்தப் பெயர் தேய்ந்து, பஞ்சர் என்பதே பெயராகிவிட்ட மனிதர். ஓட்டுப் போடும் நாளில் மட்டும் அதிகாரி பழைய பெயரைக் கூப்பிடுவார். இவர் பின்னால் திரும்பி யாரையோ தேடுவார்.

அவர் கிளம்பியது பாட்டுக் கச்சேரிக்கு. பாடுகிறவரை ரசிகர்கள் 'தொண்டை' என்பார்கள். ஒரு காலத்தில் அந்தத் தொண்டை திறந்தால் எலெக்ட்ரிக் கிட்டார் வெட்கப்பட்டு ஒதுங்கும். மேடையை விட்டு விலகி இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது எழுபத்தோரு வயதில், ஒரே ஒரு பிற்பகல், அதே பழைய சரக்குக் கிடங்கில் மறுபடியும் பாடுகிறார்.

தொண்டையின் ரசிகர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அவருடைய பெரிய பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். மூச்சுவிடும் நேரம் மௌனம். பிறகு டிரம்ஸில் நாலு கொட்டு. நாலாவது கொட்டில் கூட்டம் முழுக்கக் கையை வீசும். அது யார் மேல் பட்டாலும், எங்கே உடைந்தாலும், பிற்பாடு கேள்வி கிடையாது. மூக்கில் ரத்தத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமில்லைதான். புத்தியுள்ளவர்கள் அங்கே டிக்கெட் எடுக்கவில்லை.

கடைசிக் கச்சேரியன்று பஞ்சரும் அவர் தம்பியும் இடது பக்கம் மூன்றாவது தூணடியில் நின்றிருந்தார்கள். டயர் கடை அப்போது இருவருக்கும் பொது. இரண்டாம் சரணம் ஓடும்போது தம்பி அண்ணன் காதில் வாயை வைத்து, கடையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னான். மௌனம் வந்தது. நாலு கொட்டு வந்தது. டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் கை அது. தம்பியின் தாடை இரண்டு இடத்தில் பிரிந்தது.

டாக்டரிடமும் அம்மாவிடமும் தம்பி, "பாட்டுல பட்டது" என்றே எழுதிக் காட்டினான். சட்டத்தை மீறவில்லை. கட்டு அவிழ்த்த மறுநாள் ஊரை விட்டுப் போனான். அம்மாவின் சாவுக்கு வந்தபோதும் அண்ணன் நின்ற பக்கம் திரும்பவில்லை.

போன வாரம் போனில் ஒரு செய்தி வந்தது. 'பஞ்சர் அவர்களுக்கு. அதே தூண். நாலாவது கொட்டு.' கூடப் பிறந்தவனிடமிருந்து 'அவர்களுக்கு' என்று வாங்கியதுதான் பஞ்சருக்கு முதல் அடி. ஆனாலும் அன்று இரவு நன்றாகத் தூங்கினார். அடித்துவிட்டால் பேசுவான் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. தாடை போனால் போகட்டும், தம்பி வரட்டும்.

கிடங்கில் கூட்டம் நெரிந்தது. எல்லாருக்கும் தொப்பை, பாதிப் பேருக்கு முழங்கால் பட்டை. ஆனாலும் விரல்களை மடக்கி மடக்கிப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி தூணடியில் நின்றிருந்தான். நரைத்திருந்தான். தாடை இடப்பக்கம் ஒரு விரற்கடை விலகியே சேர்ந்திருந்தது. பூட்டத் தெரியாதவன் பூட்டிய கதவுபோல. பஞ்சர் பக்கத்தில் போய் நின்று, வலது கன்னம் வாகாக இருக்கும்படி உடம்பைத் திருப்பிக்கொண்டார். தம்பி பார்த்தான். மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தொண்டை வந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மர கிட்டார் ஒன்று. டிரம்ஸ்காரர் கையில் குச்சிக்குப் பதில் பிரஷ். முதல் பாட்டே அடையாளம் தெரியவில்லை. கல்லெறிவதுபோல் இருந்த பாட்டை அவர் சட்டை மடிப்பதுபோல் பாடினார். இரண்டாவது பாட்டுக்கு யாரோ ஊளையிட்டார்கள். மூன்றாவதற்கு, "கிழவா, தூங்கப் போ" என்று ஒரு குரல் கேட்டது.

பிறகு அந்தப் பாட்டு. அதையும் அப்படியே, மெதுவாக, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோல் எடுத்தார். பஞ்சர் ஆயிரம் தடவை கத்திப் பாடிய பாட்டு. அதில் வார்த்தைகள் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தார். போருக்குப் போகிறவனின் பாட்டு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார். அது வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒருவனிடம், செருப்பைப் போடாதே, இன்னும் கொஞ்சம் உட்கார் என்று கெஞ்சுகிற பாட்டு.

இரண்டாம் சரணம் முடிந்தது. மௌனம். ஐந்நூறு முஷ்டிகள் மேலே போயின. பஞ்சர் கண்ணை மூடினார்.

கொட்டு வரவில்லை. தொண்டை அந்த மௌனத்தைத் தாண்டி அப்படியே மூன்றாம் சரணத்துக்குப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடம் ஓங்கிய கை எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும். முதலில் ஒரு சோடா பாட்டில் பறந்து தொண்டையின் நெற்றியில் உடைந்தது. தடுப்புக் கம்பி பெயர்ந்தது. நாற்காலிக் கால் ஒன்று யாரோ ஒருவரின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. முழங்கால் பட்டைக்காரர் ஒருவர் கீழே விழுந்தவரின் விலாவை மிதித்தார். எலும்பு முறிகிற சத்தம் பஞ்சருக்குத் தெரிந்த சத்தம்தான், காய்ந்த டயர் ஓரம் விட்டுக்கொடுக்கிற அதே சத்தம். பிரஷ்ஷைப் போட்டுவிட்டு டிரம்ஸ்காரர் ஓடினார். தொண்டை ஓடவில்லை. ரத்தம் இமையில் சொட்ட, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பாடிக்கொண்டே இருந்தார்.

அத்தனை கூட்டத்தில் அடிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர். தம்பியின் முஷ்டி காதோரம் ஓங்கியபடியே நின்றிருந்தது.

"அடிடா" என்றார் பஞ்சர். பல் இல்லாததால் பாதி காற்றாகத்தான் வந்தது.

"கொட்டு வரலையே" என்றான் தம்பி. கோணல் தாடையால் அவன் பேச்சிலும் காற்று போனது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிய பேச்சைக் கேட்டால் இரண்டு ஓட்டை டியூப்கள் பேசிக்கொள்வதுபோல இருந்திருக்கும்.

யாரோ ஒரு தடியர் பஞ்சரின் முதுகில் மோதினார். பஞ்சர் திரும்பாமலே முழங்கையால் அவர் மூக்கை உடைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை இத்தனை நாள் சட்டத்தின் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

"டேய். அன்னைக்குப் பாட்டுக்காக அடிக்கல. போறேன்னு சொன்னியே, அதுக்குத்தான் அடிச்சேன். போகாதேன்னு சொல்லத் தெரியல."

"தெரியும்" என்றான் தம்பி. "நீ சொல்வேன்னுதான் இருந்தேன். மூணு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு உன் எதிர்லயே உட்கார்ந்திருந்தேன். நீ டயரைப் பத்தியே பேசின."

பஞ்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் பாட்டு முடிந்தது. முடிந்த இடத்தில் தொண்டை விரல் முட்டியால் கிட்டாரின் மரத்தில் தட்டினார். மெதுவாக, இடைவெளி விட்டு. ஒன்று. இரண்டு. காது கிழிந்தவரோ விலா போனவரோ அதைக் கேட்டிருக்க முடியாது. மூன்று. தூணடியில் இரண்டு பேருக்கும் கேட்டது.

நாலு.

வாய் திறந்திருந்தது பெரிய தப்பு. அடி சரியாகக் காதுக்குக் கீழே இறங்கியது. உள்ளே ஏதோ பிரிந்தது. வாய் நிறைய உப்பு. கிடங்கின் தகரக் கூரை ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது.

கண் விழித்தபோது வெளியே நடைபாதையில், சாயங்கால வெயிலில், தம்பியின் மடியில் தலை இருந்தது. தம்பி தன் சட்டையைக் கிழித்து அண்ணனின் தாடையை உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அனுபவசாலி, முடிச்சைக் காதுமேல் போடாமல் பக்கவாட்டில் போட்டான். அவன் விரல் முட்டியிலும் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. அழுகையா காற்றா என்று தெரியாத ஒரு சத்தம் அவன் மூக்கில் வந்தது.

"பேசாத அண்ணா. ரெண்டு இடத்துல போயிருக்கு. மூணு மாசம் குழாய்தான். தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சுக்கோ, இல்லன்னா உசிரு போயிடும்" என்று வரிசையாகச் சொன்னான். ஆம்புலன்ஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. நெற்றியில் துணியை அழுத்தியபடி தொண்டையை ஒன்றில் ஏற்றினார்கள். மறு கையிலிருந்த கிட்டாரை அவர் விடவில்லை.

பஞ்சர் ஏதோ சொல்ல முயன்றார். முடியவில்லை. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

தம்பி பொத்தானைக் கழற்றிக் கையை விட்டான். கைக்குட்டையை அவிழ்த்ததும் பல் செட் அவனைப் பார்த்துச் சிரித்தது. அடியில் கடைச் சாவி கிடந்தது. தம்பி பல்லையும் பார்த்தான், அண்ணனையும் பார்த்தான்.

"கழட்டி வச்சுட்டா வந்த?" என்றான். பல்லை மட்டும் மறுபடி சுற்றி அண்ணன் பையில் வைத்தான். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, "காலைல எத்தனை மணிக்குத் திறக்கிற?" என்று கேட்டான்.

பஞ்சர் ஏழு விரலைக் காட்டினார்.