தகரக் கோயில் வளைவு

"அண்ணி, அந்தக் கோயிலை எடுத்துடுங்க. இல்லேன்னா ஒருநாள் பிள்ளைங்களோட நானும் போய்ச் சேர்ந்துடுவேன்."

காபிக் கடை வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி சராந்திஸ் சொன்னபோது அஸிமினாவுக்கு முகம் எரிந்தது. அவள் கணவன் அர்கிரிஸின் தம்பி அவன். ஊர்ப் பிள்ளைகளை டாக்ஸியில் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவன். மலைப்பாதையில் அர்கிரிஸ் கார் உருண்டு செத்த வளைவில், பள்ளத்தின் விளிம்பில், அவன் நினைவாக அவள் நட்ட இரும்புக் கம்பத்தையும் அதன்மேல் இருந்த சின்னத் தகரக் கோயிலையும்தான் சொன்னான். உள்ளே அர்கிரிஸின் படமும் ஓர் எண்ணெய் விளக்கும் இருந்தன. சனிக்கிழமைதோறும் போய் எண்ணெய் ஊற்றிவிட்டு வருவாள்.

எதிரே தடை தெரிந்தால் தானே நிற்கும் புது டாக்ஸி, அந்தக் கம்பத்தைத் தடையென்று எண்ணி வளைவிலேயே பிரேக் போடுகிறதாம்.

"அந்த பிரேக்கை அணைச்சு வையேன்," என்றாள்.

"அணைச்சாலும் அடுத்த தடவை கிளப்பும்போது முழிச்சுக்குது. கம்பெனிக்காரன் வண்டியில கோளாறே இல்லேன்னு சாதிக்கிறான்."

"அர்கிரிஸ் பய உசுரோட இருந்தப்பவே பின்னால வர்றவனுக்கு வழி விடமாட்டான்," என்றார் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர். "இப்பவும் விடமாட்டேங்கிறான் பாரு!"

சிரித்தார்கள். அஸிமினா சிரிக்கவில்லை.

"உனக்கு ஓட்டத் தெரியாததுக்குச் செத்தவன்மேல பழி போடாதே. என்னை உக்கார வெச்சு ஓட்டிக் காட்டு. நின்னா எடுத்துடறேன்."

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். பின்னால் ஆரஞ்சு ஏற்றிய லாரி ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது.

"அவன் முன்னால போகட்டுமே," என்றாள்.

"இந்தப் பாதையில எங்கே ஒதுங்கறது? கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

சராந்திஸின் கால் பிரேக்கின் அருகில்கூட இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவு திரும்பியதும் வண்டி கீச்சென்று கத்தியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு மின்ன, பெல்ட் அவள் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. பின்னால் லாரியின் சக்கரங்கள் அலறின. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லாரி இடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பின்கண்ணாடி முழுக்க லாரியின் முகமாக இருந்தது.

"டேய், குடிச்சிருக்கியா? ஆளில்லாத ரோட்டுல யாருக்குடா நிறுத்தறே?" லாரிக்காரன் இறங்கி வந்து கத்தினான்.

நேர் எதிரே, விளிம்பில், தகரக் கோயில் வெயிலில் மினுங்கியது. அர்கிரிஸின் பழைய காருக்கு இப்படித் தானாக நிற்கத் தெரிந்திருக்கவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் மறந்துபோன குல்லாய் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடப்பாரை வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன் அண்ணி," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

வளைவின் அகலமான ஓரத்தில் ஒதுங்கி லாரியைப் போகவிட்டு, இருவருமாகக் கம்பத்தைப் பிடுங்கினார்கள். சாலையின் மறுபுறம், பாறைக்குப் பின்னால் கொண்டுபோய் நட்டார்கள். விளக்கை அவளே ஏற்றினாள்.

"இப்ப மறுபடி ஓட்டு."

சற்றுத் தூரம் மேலே போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். வளைவு வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி கத்தவில்லை. வேறு எந்த வளைவையும்போல அதையும் வழுக்கிக்கொண்டு கடந்தது. பாறை மறைத்ததில் விளக்குகூடக் கண்ணில் படவில்லை.

சராந்திஸ் பெருமூச்சு விட்டான். "போதுமா அண்ணி?"

"வண்டி இனிமே அவருக்காக நிக்காது. நீ நிறுத்து," என்றாள் அவள்.

சராந்திஸ் காலை எடுத்து பிரேக்கில் வைத்தான்.