செவலைப் பசு யார் வாசலுக்குப் போகும்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரேயொரு காட்சிதான். மற்றதெல்லாம் கற்பனை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போர்நிறுத்தம் இருந்த காலம், 2003. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், ஒரு துறையில் பாதைக்காகக் காத்து நின்றேன். (பாதை என்றால் இங்கே தெரு இல்லை. மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் பெரிய தட்டு.) அப்போது ஒரு செவலைப் பசு வந்தது. கயிறில்லை, கூட ஆளில்லை. சோதனைச் சாவடியைத் தாண்டி, எங்களை விலக்கிக்கொண்டு பாதையில் ஏறி, தனக்கென்று வைத்த இடம்போல ஒரு மூலையில் போய் நின்றது. யாரும் விரட்டவில்லை.

"அது அங்கால போற மாடு," என்றார் பாதைக்காரர், பஸ்ஸில் வழக்கமாக வருகிற ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அந்த நாட்களில் பொலிஸ் என்ற வேலை உலகத்தில் எப்படித் தோன்றியது என்று ஒரு கட்டுரை எழுத முயன்றுகொண்டிருந்தேன். எழுவான்கரையில் அரசாங்கத்தின் பொலிஸ், காக்கி உடையில். மேற்கே, படுவான்கரையில் போராளி இயக்கத்தின் காவல்துறை, வேறு நிற உடையில். ஒரு வாவி, இரண்டு சட்டம். இரண்டுக்கும் நடுவே அனுமதி கேட்காமல் போய்வருவது ஒரு பசு. கட்டுரையை மூடி வைத்துவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "பொலிஸ் நிலையத்து வேப்பமரத்தடியில் ஒரு குற்றவாளி உட்கார்ந்தி—"

நிறுத்திவிட்டேன். நீதிமன்றம் சொல்லும்வரை அவர் குற்றவாளி இல்லை, சந்தேகநபர். பொலிஸ் என்பது என்னவென்று புரிந்த ஒருவனாக நான் எழுத வேண்டுமென்றால் முதல் வரியிலேயே இப்படிச் சறுக்கக் கூடாது.

இரண்டாவது முயற்சி: "மங்கையற்கரசிக்குச் சிறுவயது முதலே பொலிஸ் ஆக வேண்டும் என்று—"

இதுவும் பொய். போர்க்காலத்தில் வாவிக்கரையில் வளர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளை அப்படி ஆசைப்பட்டிருக்கும்? காக்கியைக் கண்டால் வேலிக்குப் பின்னால் ஒதுங்கி வளர்ந்தவர்கள் அவர்கள். உண்மையான காரணம் இதுவாக இருக்கலாம்: உயர்தரம் படித்து வீட்டில் இருந்தாள், தமிழ் பேசும் கான்ஸ்டபிள்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது, ஓய்வூதியம் உள்ள வேலை. அவ்வளவுதான். ஆனால் அவளுடைய தாய் இரத்தினம்மா இருப்பது படுவான்கரையில், பழுகாமம் பக்கம். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள் என்றுதான் அந்த அம்மா ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறார். உண்மை தெரிந்தால் அந்த ஊரில் அவரால் இருக்க முடியாது.

[இந்தத் தாயைக் கதையிலிருந்து ஒருமுறை வெட்டிவிட்டேன். வெட்டினால் மங்கையற்கரசி அக்கரைக்குப் போகத் தயங்க வேண்டிய காரணம் பாதியாகிவிடுகிறது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

மூன்றாவது முயற்சியைப் பசுவிலிருந்து தொடங்குகிறேன்.

3

காலையில் சாலிஹ் அந்தச் செவலைப் பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பிரதான வீதியால் தன் ஊரான காத்தான்குடிக்கு நடந்துகொண்டிருந்தார். மாடு வாங்கி விற்பவர். இதை மட்டும் விற்பதற்காக வாங்கவில்லை. மனைவி ஸகியா வீட்டில் பாலுக்கு ஒரு மாடு கேட்டிருந்தாள். துறைக்குப் பக்கத்து ஊரில் இளையதம்பி என்பவர் வழிமறித்தார். மாரி மழையில் காணாமற்போன தன்னுடைய பசு இதுதான் என்றார். சுற்றி ஆட்கள் கூடினார்கள். ஒருபக்கம் தமிழர், மறுபக்கம் கயிற்றோடு தனியாக ஒரு முஸ்லிம். அந்த ஆண்டுகளில் இப்படி ஒரு சின்ன வழிமறிப்பிலிருந்து இரண்டு ஊர்களும் பற்றி எரியலாம். கூட்டத்தில் யாரோ ஒருவர் புத்தியாக, பொலிசுக்குப் போங்கள் என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வியக்க வேண்டும். கோபத்தோடு இருக்கும் ஒரு மனிதர், கை ஓங்காமல், அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் ஒரு மேசையில் ஒப்படைக்கச் சம்மதிக்கிறார். பொலிஸ் என்ற ஏற்பாடு முழுவதும் இந்தச் சம்மதத்தின் மேல்தான் நிற்கிறது. துப்பாக்கியும் தொப்பியும் பிறகு வந்தவை. அந்த மேசைக்கு நம் ஆட்கள் மனமொப்பிப் போவதே அரிதாக இருந்த காலம் அது. அன்று போனார்கள். மேசைக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஒருத்தி, மங்கையற்கரசி, இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் போனார்கள்.

"குறியப் பாருங்க புள்ள," என்றார் இளையதம்பி. "வலப்பக்கம் எங்கட குடிக்குறி. இந்தக் காக்கா எப்ப எங்கட குடிக்குள்ள வந்தவர் எண்டு கேளுங்க." (காக்கா என்பது முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்.)

"நான் வரல்ல அண்ணே, மாடுதான் வந்திரிக்கி," என்றார் சாலிஹ். "அங்கால புஸ்பம் அக்காட்ட வாங்கின. அவவும் உங்கட குடிதானாம்."

குறியைப் பற்றிச் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒவ்வொருவரும் தாயின் வழியாக ஒரு குடியைச் சேர்ந்தவர். ஒரு குடிக்காரர் எல்லாரும் ஒருவருக்கொருவர் உடன்பிறப்பு முறை. அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. மாட்டுக்கு ஒருபக்கம் அந்தக் குடியின் குறி, மறுபக்கம் சொந்தக்காரரின் குறி. காய்ச்சிய இரும்பால் சுடுவார்கள். செவலையின் வலப்பக்கம் குடிக்குறி தெளிவாக இருந்தது. இடப்பக்கம் சுடும்போது மாடு துள்ளியிருக்க வேண்டும். தழும்பு இழுபட்டு, மேலே மயிர் மூடி, எந்த எழுத்தும் தெரியவில்லை. அதாவது பசு இளையதம்பியின் குடியைச் சேர்ந்தது என்பது உறுதி. குடியில் யாருடையது என்பதுதான் கேள்வி.

மாடு வாங்கியதற்கு அரசாங்கப் பத்திரம் வேண்டும். படுவான்கரையில் அதைக் கொடுக்கும் கந்தோர் இல்லை. புஸ்பம் வந்து சொல்லலாம். ஆனால் அக்கரைப் பெண் ஒருத்தி இக்கரைப் பொலிஸ் நிலையத்தில் வாய் திறந்தால், அடுத்த நாள் அக்கரைக் காவல்துறை எதற்குப் போனாய் என்று கேட்கும். வரமாட்டாள்.

பொறுப்பதிகாரி ஒரு கூட்டத்துக்காக நகரத்துக்குப் புறப்படும்போது சிங்களத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்: பத்திரம் இல்லை, குறி மற்றவனுடையது, பின்னேரம் நான் வந்ததும் ஆளை நீதவானிடம் கொண்டுபோகிறோம். அதன் பொருள் விளக்கமறியல். சாலிஹ் சிறைக்குப் போவார். தவணை மேல் தவணை போகும். காத்தான்குடியில் அதை யாரும் ஒரு மாட்டு வழக்காக மட்டும் பார்க்கமாட்டார்கள்.

ஸகியா வந்து நிலையத்து வேப்பமரத்தடியில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. சாப்பாட்டுப் பார்சலை விரித்து, நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

4

இங்கே என் கட்டுரையிலிருந்து ஒரு துண்டை நுழைக்கிறேன். விரும்பாதவர்கள் ஐந்துக்குத் தாவலாம், ஆனால் தாவாதீர்கள், நல்ல இடம்.

சம்பளம் வாங்கும் பொலிஸ்காரர் மனித வரலாற்றில் புதியவர். அதற்கு முன் காவல் எல்லாருடைய வேலையாகவும் இருந்தது. இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி, களவு கண்டவன் கூக்குரலிட வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். வராதவன்மேல் குற்றம். நம்மிடம் வயல் வட்டைக்கு ஒரு வட்டைவிதானை. நெற்காணிக்காரர்கள் போகத் தொடக்கத்தில் கூடி, தங்களில் ஒருவரைத் தெரிவு செய்வார்கள். வாய்க்கால் நீரையும் வேலியையும் கட்டில்லாமல் அலையும் கட்டாக்காலி மாட்டையும் அவர் பார்ப்பார். கூலி அறுவடையில் நெல்லாக. அவருக்குத் துப்பாக்கி இல்லை. "எனக்குப் பதிலாக நீ பார்" என்று மற்றவர்கள் சொன்ன சொல் மட்டும் இருந்தது. ஆங்கிலேயர் கிராமங்களில் பொலிஸ் விதானை என்று ஒருவரை வைத்ததும் ஏற்கெனவே இருந்த ஒன்றின் மேல் ஒரு பட்டத்தை ஒட்டியதுதான்.*

என்னைப் பரவசப்படுத்துவது இதுதான்: இவ்வளவு பெரிய இயந்திரத்தின் நடுவில் இருப்பது ஒருவர் மற்றவருக்காகப் பார்த்துவந்து சொல்வது. பார்த்தவர் பொய் சொன்னால் இயந்திரம் முழுவதும் பொய்.

* இந்தப் பட்டம் யாருக்கு மரியாதை தந்தது, யாரை மிரட்ட உதவியது என்பது தனிக் கதை. அதற்கு இங்கே இடமில்லை.

5

மத்தியானம் சண்டை திரும்பவும் மூண்டது. சுற்றிச் சுற்றி ஒரே வாதம்.

"அவிழ்த்து விடுங்க புள்ள," என்றார் இளையதம்பி. "நேரா என்ட வாசலுக்குப் போகும். அப்ப தெரியும்."

"விடுங்க மிஸ்," என்றார் சாலிஹ். "நானும் அதத்தான் சொல்றன்."

மங்கையற்கரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. மாடு வளர்த்த வீட்டில் பிறந்த அவளுக்கும் தெரியும்: புதிதாக வாங்கிய மாட்டைக் கிழமைக்கணக்கில் கட்டிவைப்பது ஏன்? அவிழ்த்தால் பழைய வாசலுக்கு ஓடும். சான்றுப் பொருளை நிலையத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. ஒரு முறைப்பாடு போதும், வேலை போய்விடும். ஆனாலும் கட்டிலிருந்து அவிழ்த்து, கயிற்றைக் கையில் பிடித்தாள்.

துறைச் சந்திக்கு எல்லாரும் நடந்தார்கள். பசு, கான்ஸ்டபிள், முறைப்பாட்டாளர், சந்தேகநபர், அவர் மனைவி. [இந்த ஊர்வலத்தை எழுதும்போது சிரித்துக்கொண்டே இருந்தேன்.] சந்தியில் இடப்பக்கம் இளையதம்பியின் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கை. நேரே துறை. மங்கையற்கரசி கயிற்றைக் கழற்றினாள்.

பசு கொஞ்ச நேரம் நின்றது. இடப்பக்கம் திரும்பி, ஒழுங்கை ஓரத்தில் ஒரு வாய் புல் தின்றது. பிறகு நிமிர்ந்து, நேரே நடந்து, பாதையில் ஏறியது.

"பாத்தீங்களா?" என்றார் சாலிஹ்.

"என்னத்தப் பாத்த? களவெடுத்தவன் அங்கால கொண்டு வச்சுப் பழக்கியிரிப்பான். ஆருட வாசலுக்குப் போகுது எண்டு பாக்காம எப்பிடிச் சொல்ற?"

அவர் சொன்னது சரி. அந்த நொடியில்தான் மூவருக்கும் தாங்கள் செய்த பிழை தெரிந்தது. மாட்டை அவிழ்த்துப் பின்னால் போய்ப் பார்ப்பது என்ற வழக்கத்தைச் சொன்னபோது வாவியை ஒருவருமே எண்ணிப்பார்க்கவில்லை. மாடு வளர்ப்பவர்களுக்கு அது எந்தக் காலத்திலும் எல்லையாக இருந்ததில்லை. மற்ற எல்லாருக்கும் இப்போது எல்லை.

பாதைக்காரர் பாதையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) மங்கையற்கரசி சீருடையோடு ஏறுகிறாள். அக்கரையில் இறங்கியதும் பிடிபடுகிறாள். தாயின் பொய் ஊருக்குத் தெரிகிறது. வீரமான முடிவு, சாலிஹுக்கு ஒரு பயனும் இல்லை. திரும்பி வந்து சாட்சி சொல்ல அவள் இருக்கமாட்டாள்.

(ஆ) ஸகியாவின் கறுப்பு மேலாடையைக் கேட்டு வாங்கி, அதற்குள் ஒளிந்து—

வேண்டாம். இது சினிமா. அதோடு அது ஸகியாவின் உடை, மாறுவேடத்துக்கு வைத்த துணி இல்லை.

(இ) அவள் பாதையை நிறுத்தி, பசுவை இறக்கிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்புகிறாள். சட்டப்படி சரி. சாலிஹ் சிறைக்கு.

மூன்றும் எனக்குப் பிடிக்காமல், இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு பகல் சாப்பாட்டுக்கு நடுவில் துள்ளி எழுந்தேன். பொலிஸ் வருவதற்கு முன் காவல் எல்லாருடைய வேலை என்று நானே எழுதியிருக்கிறேனே! அக்கரைக்குத் தடையில்லாமல் போகக்கூடிய, மாட்டைத் தெரிந்த, குடியைத் தெரிந்த ஓர் ஆள் அங்கேயே நிற்கிறார்.

7

"அண்ணே," என்றாள் மங்கையற்கரசி. "நீங்க போங்க."

இளையதம்பிக்கு விளங்கவில்லை.

"மாட்டுக்குப் பின்னால போங்க. எந்த வாசலுக்குப் போகுது எண்டு பாருங்க. திரும்பக் கொண்டு வாங்க. நீங்க சொல்றதத்தான் நான் எழுதுவன்."

சாலிஹ் முன்னால் வந்துவிட்டார். "மிஸ், இவர்தானே என்னப் புடிச்சவர். இவரயா அனுப்புற?"

"ஓம். புஸ்பம் அக்கா உங்களுக்கு ஆரு?" என்று அவள் இளையதம்பியிடம் கேட்டாள்.

"நான் அவவக் கண்டதில்ல."

"குடி?"

அவர் வாவியைப் பார்த்தார். "எங்கட குடியெண்டா தங்கச்சி முறைதான்."

அவள் கயிற்றைக் கொடுத்தாள். அவர் ஏறினார். பாதை நகர்ந்தது.

அவளுடைய கணக்கு எனக்குப் புரிகிறது. மாடு புஸ்பத்தின் வாசலில் போய் நின்றால், அதைத் தனதென்று சொல்லும் இளையதம்பி ஒரு முஸ்லிமின் மாட்டைப் பறிப்பவராக மட்டும் இருக்கமாட்டார். தன் தங்கச்சி விற்றதைக் களவு என்று சொன்னவராவார். ஆனால் அக்கரையில் என்ன நடந்தாலும் இக்கரையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கோ மாடு உண்மையாகவே தொலைந்தது. மழைக்குள் நாட்கணக்கில் தேடியிருக்கிறார். தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றி நடந்த வீடு இப்போது அதில்லாமல் நடக்கிறது. "எங்கயும் போகல்ல, வட்டைக்குள்ள புல்லுத் திண்டிட்டு நிண்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செவலை அவருக்கு.

நான் அவருடன் பாதையில் ஏறவில்லை. எழுத்தாளனுக்கு அக்கரைக்குப் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை, தெரியும். ஆனால் மங்கையற்கரசி காத்திருக்கும்போது நான் மட்டும் தெரிந்துவைத்திருப்பது சரியில்லை என்று பட்டது. அவளோடு கரையில் நின்றேன். சாலிஹ் மணலில் உட்கார்ந்திருந்தார். ஸகியா கண்ணை எடுக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது பொறுப்பதிகாரியின் ஜீப் சந்தியில் வந்து நின்றது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. அதே நேரத்தில் பாதையும் கரையை நெருங்கியது. முன்னால் இளையதம்பி, கையில் கயிறு, கயிற்றில் செவலை. அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

இறங்கினார். மங்கையற்கரசி பேனையைத் திறந்தாள்.

"ஆருட வாசலுக்குப் போச்சு அண்ணே?"

இளையதம்பி வாய் திறக்கிறார். நான் பேனையைக் கீழே வைக்கிறேன். அந்த வாக்கியத்தை எழுத எனக்கு உரிமையில்லை. நான் கரையிலேயே நின்றவன். நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும் அவள் அதை அப்படியே பதிவாள், பொறுப்பதிகாரி அதன்படியே நடப்பார். ஒரேயொரு விதி. எழுதுவதற்கு முன் சாலிஹை ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் எழுந்து நிற்கிறார். இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மணலைக்கூட இன்னும் தட்டவில்லை.