கெட்டுப்போன படங்கள்

ஏழு வயதில் காணாமல் போன அண்ணன் ஐம்பது வயதில் வந்து நின்றால் யார்தான் நம்புவார்கள்? போட்டோ ஸ்டூடியோ நடத்தும் தங்கை நம்பவில்லை. ஆசை மட்டும் தொண்டை வரை இருந்தது. வந்தவர் சொன்ன வீட்டுக் கதைகளை அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரத்தம் எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாம்தான். மாடியில் மூச்சு வாங்கிக் கிடக்கும் அம்மா அத்தனை நாள் தாங்கமாட்டாள். பொய்யான பிள்ளையை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவும் மனசு வரவில்லை.

எவ்வளவு மாறிய முகத்திலும் பழைய முகத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று தொழில்காரிக்கு ஒரு மிதப்பு. அவரை முக்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தாள்.

"கொஞ்சம் முழிச்சுப் பாருங்க. எல்லாம் கெட்டுப்போகுது."

"வேணும்னா பண்றேன்? லைட்டு அடிச்சாலே கண்ணு தானா மூடிக்குதும்மா."

கெட்டதை அவள் அப்போதைக்கப்போதே அழித்தாள்; கெட்ட படத்தை ஒதுக்கிவிடுவது அப்பா காலத்துப் பழக்கம். வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாதாம். ஒருவழியாகத் தேறிய ஒன்றைக் கொண்டுபோய், சுவரில் மாட்டியிருந்த அண்ணனின் ஒரே படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூக்கு பரந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, காது தொங்கியிருந்தது. ஒட்டுமில்லை, உறவுமில்லை.

வேறு கோணத்தில் ஏதாவது இருக்குமா என்று அப்பாவின் பெட்டியைக் குடைந்து, அந்தப் படத்தின் பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல படத்துக்கு முன்னால் அப்பா பிரிண்ட் போடாமல் விட்ட படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பையனின் இடது கண் மட்டும் இறுக மூடியிருந்தது. வலது கண் மலங்க மலங்க விழித்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு நேரம் அவள் அழித்துக்கொண்டிருந்ததும் இதே முகத்தைத்தானே! மூக்கு, கன்னம், தோல், முடி என்று ஒன்று விடாமல் மாற்றிப்போட்ட காலம், இந்த ஒரு இமையைத் தொடவே இல்லை. ஆச்சரியத்தில் அழுகை வந்தது.

கேமராவை மறுபடி எடுத்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"ஐயோ, மறுபடியும் கெடுத்துடுவேனேம்மா."

"கெடுத்துடுண்ணா," என்றாள்.

வெளிச்சம் மின்னியது. இடது கண் மூடிக்கொண்டது. அவர் அதைத் திறப்பதற்குள் அவருடைய கையைப் பிடித்து எழுப்பி, மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.